பெட்ஷீட்டின் அந்த முனை

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் சுரண்டையிலிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தென்காசிக்கு வந்து, நான் இப்போது வேலை பார்க்கும் கல்யாண மண்டபத்து வாசலில் நின்று, "என்னையக் கேக்காம எம்பேர எப்படிப் போடலாம்?" என்பார். கேட்டுவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று பந்தியில் இலை போடுகிறவனையும் தண்ணீர் ஊற்றுகிறவனையும் இடம் மாற்றி நிற்க வைத்துவிட்டுத்தான் போவார். அதனால் குற்றாலத்து லாட்ஜில் எல்லாரும் கூப்பிட்ட மாதிரியே நானும் அவரை அக்கா என்று சொல்லிவிடுகிறேன். உண்மையில் என்னைவிட இரண்டு வயது சின்னவர். அங்கே ஐம்பதைத் தாண்டியவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் அந்த லாட்ஜுக்கு மேனேஜராகப் போனபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. துபாயில் பன்னிரண்டு வருடம் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். கோட் இரண்டு, நல்ல ஷூ ஒரு ஜோடி, ஆட்களைச் சேர்த்து வேலை வாங்குவது எப்படி என்று படித்த சான்றிதழ்கள் மூன்று, இவ்வளவும் என்னிடம் இருந்தன. குற்றாலச் சாரலில் கோட்டில் பூஞ்சை பூத்தது. ஷூ வாயைப் பிளந்தது. சான்றிதழ்களுக்கு என்ன ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் நாள் காலை ஒவ்வொரு இடமாகப் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். இரண்டாம் மாடியில் துணி ரூம். பெட்ஷீட்டும் துண்டும் தலையணை உறையும் அடுக்கி வைக்கிற அறை. அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் பதினொரு பேருக்கு அக்காதான் சூப்பர்வைசர். நான் உள்ளே போனபோது இரண்டு கை நிறையத் தலையணை உறைகளோடு நின்றிருந்தார். ஒல்லியான ஆள். சேலைக்கு மேல் லாட்ஜ் கொடுத்த பச்சைக் கோட்டைப் போட்டு, அதன் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார்.

"என்னை மேனேஜரா நினைக்க வேண்டாம். உங்கள்ல ஒருத்தனா நினைச்சுக்கோங்க" என்றேன். முதல் சான்றிதழில் சொல்லிக்கொடுத்த வசனம் அது.

"சரி சார்" என்று உறைகளை அலமாரியில் வைத்தார். பிறகு திரும்பி, "உங்களுக்கு எந்த வேல பிடிக்காது?" என்று கேட்டார்.

"அப்படி எதுவும் கிடையாது. எல்லா வேலையும் பிடிக்கும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ இன்னும் கொஞ்ச நாளாவும் சார்."

"எதுக்கு?"

"எங்கள்ல ஒருத்தரா ஆவதுக்கு."

எனக்குச் சுருக்கென்றது. வந்த முதல் நாளே சூப்பர்வைசரிடம் முறைத்துக்கொள்ள வேண்டாம் என்று சிரித்து வைத்தேன்.

அந்தக் கேள்வியை அவர் எல்லாரிடமும் கேட்பார் என்று பிறகுதான் தெரிந்தது. வேலை கேட்டு வருகிறவர்களிடம் என்ன தெரியும், எங்கே வேலை பார்த்தாய், எதையும் கேட்க மாட்டார். உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுப்பார். எந்த வேலை பிடிக்காது என்று கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். ஒருநாள் காரணம் கேட்டேன். "பிடிச்ச வேலையக் கேட்டா எல்லாவனும் நல்லவனா ஆயிருதான் சார். பிடிக்காததச் சொல்லும்போதுதான் நெசத்தச் சொல்லுதான்" என்றார்.

மாடசாமி பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். முப்பது வயது, கதவு உயரம். அக்கா கேட்டபோது அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "ஆளுககிட்ட சிரிச்சுப் பேசுதது ஆகாதுக்கா" என்றானாம். ஜெபமணிக்குப் படியேறுவது பிடிக்காது. சுமை தூக்குவது அதைவிடப் பிடிக்காது. ஆனால் பேச ஆள் கிடைத்தால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் அவளுக்கு. அக்கா இரண்டு பேரையும் ஜோடி போட்டார். ஜெபமணி கதவைத் தட்டுவாள், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எப்போது கிளம்புகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே படுக்கையை விரிப்பாள். அவள் பேசி முடிப்பதற்குள் மாடசாமி குளியலறையைக் கழுவி, அழுக்குத் துணி மூட்டையைத் தோளில் போட்டு இரண்டு மாடி இறங்கிவிடுவான். மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவனுக்குப் பேச்சு வராது என்றே முடிவு செய்து மூன்று நாளும் கையால் சாடை காட்டியது. அவனும் சாடையிலேயே பதில் சொன்னான். அது அவனுக்கு வசதியாக இருந்தது.

செல்லத்துரைக்கு ஐம்பத்தைந்து வயது. லாட்ஜில் அவருக்குப் பெயர் ரூம் பாய். அவசரப்படுத்தினால் அவருக்குப் பிடிக்காது, கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார். அக்கா அவரிடம் எண்ணெய்க் கறைத் துணிகளைக் கொடுத்திருந்தார். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவிக் கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, குளித்தும் குளிக்காமலும் வந்து வெள்ளைப் பெட்ஷீட்டில் சாய்ந்துவிடுவார்கள். அந்தக் கறையை ஊறப்போட்டு, பொறுமையாகத் தேய்த்து, மறுபடி ஊறப்போட வேண்டும். அவசரப்பட்டால் துணி போய்விடும். செல்லத்துரைக்கென்றே அளவெடுத்த வேலை.

இந்த எண்ணெய் விஷயத்தில் வந்த புதிதில் நான் ஒரு அறிவிப்பு அடித்து ஒவ்வொரு அறையிலும் ஒட்டினேன். எண்ணெயுடன் படுத்தால் அபராதம் என்று. ஒட்டியதை விருந்தாளிகளிடம் யார் போய்ச் சொல்வது? பதினொரு பேரும் பின்வாங்கினார்கள். ஜெபமணியே, "அதெல்லாம் நான் சொல்ல மாட்டேன் சார், சண்டைக்கு வருவாவ" என்றுவிட்டாள். அக்கா அன்றைக்கே எல்லாத் தாளையும் கிழித்தார். பழைய காப்பிக் கலர் கட்டம் போட்ட ஷீட்டுகளை வரவேற்பு மேசையில் அடுக்கி, அருவிக்குக் கிளம்புகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒன்றைக் கொடுக்கச் சொன்னார். "எண்ண தேச்சுட்டு வாறவங்களுக்குன்னே வச்சிருக்கோம்." எல்லாரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

"பதினோரு பேருக்கும் பிடிக்காத வேலைன்னா அந்த வேலையவே ஒழிச்சுப்புடணும் சார்" என்றார் என்னிடம்.

அக்காவிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் வெயில் என்பது கேள்விப்படுகிற சமாச்சாரம். நான்காம் மாடியில் தகரக் கொட்டகைக்குள் கயிறு கட்டி, பத்து ஃபேனைப் போட்டு ஷீட்டுகளைக் காயப் போடுவார்கள். லேசான ஈரத்தோடு எடுத்து, இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, விறைப்பாக இழுத்து உதறி மடித்தால் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். ஒருவர் இழுக்கும்போது மற்றவரும் இழுக்க வேண்டும். பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்களோ அவர்களைத்தான் அக்கா அந்த வேலைக்கு அனுப்புவார். ஒருமுறை மாடசாமியும் செல்லத்துரையும் டிபன் வாளியை யார் மிதித்தது என்பதில் நான்கு நாள் பேசவில்லை. இருவருக்கும் அறுபது ஷீட். முதல் பத்து ஷீட் கோணல்மாணலாக வந்தது. பதினைந்தாவதில் செல்லத்துரை, "இழுலே" என்றார். இருபதாவதில் மாடசாமி, "நீங்க கொஞ்சம் விடுங்கண்ணே" என்றான். முப்பதாவதில் டிபன் வாளியை மிதித்தது பூனை என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

"எதுவும் பேசாம ஷீட்ட மடிக்க முடியாதுல்லா சார்" என்பார் அக்கா.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் பார்த்தேன். என் சான்றிதழ்களில் இதற்கெல்லாம் இடமில்லை. அப்போதுதான் முதலாளி என்னைத் தென்காசிக்குக் கூப்பிட்டனுப்பினார்.

முதலாளிக்கு அரிசி ஆலை, லாட்ஜ், அவற்றோடு செல்போன். அந்தப் போனில் யாரோ ஒரு சென்னைக்காரர் லாட்ஜைப் பற்றி எழுதியிருந்ததைக் காட்டினார். பகல் ஒரு மணிக்குக் கிடைக்க வேண்டிய அறைக்கு மூன்று மணி வரை பெட்டியோடு காத்திருந்தோம் என்று இருந்தது.

"ஆடி அமாவாச வரைக்கும் பாக்கேன். ஒரு மணிக்கு ரூம் ரெடியாவலன்னா ரூம் வேலையத் திருநெல்வேலி கான்ட்ராக்ட்காரன்கிட்ட விட்டுருவேன். அவன் ஆளுகளக் கூட்டிட்டு வந்துருவான். நம்ம பதினோரு பேரும் அந்தச் சூப்பர்வைசரும் வேற சோலி பாக்கட்டும். இத இப்போ அங்கன போயிச் சொல்லாதேயும்" என்றார்.

நான் அக்காவிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் வேலையை நானே காப்பாற்றிவிடுவேன் என்று நினைத்தேன். இரண்டாவது, மூன்றாவது சான்றிதழ்களைத் தூசி தட்டினேன்.

மறுநாள் துணி ரூமில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினேன். போனில் கடிகாரத்தை ஓடவிட்டு, யார் எதை எத்தனை நிமிடத்தில் செய்கிறார்கள் என்று இரண்டு நாள் பின்னாலேயே திரிந்து பார்த்தேன். மாடசாமி பெட்ஷீட் விரித்தால் மூன்று நிமிடம். ஆகவே எல்லா மாடியிலும் படுக்கை அவனுடைய வேலை, கதவைத் தட்டுவதும் அவனே. ஜெபமணி குளியலறையைப் பளிச்சென்று கழுவுவாள். ஆகவே நான்கு மாடியும் ஏறி இறங்கிக் குளியலறைகள் அவளுக்கு. செல்லத்துரைக்குத் துணி மூட்டை, அதுவும் மணிக்கு ஒரு நடை. மற்றவர்களையும் இப்படியே தனித்தனியாகப் பிரித்தேன். ஜோடி என்பதே கிடையாது. அன்றாடம் முந்தியவருக்குப் பலகையில் ஒரு நட்சத்திரம். ஒவ்வொருவருக்கும் எது ஆகாதோ அதைத் தேடிப்பிடித்துக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

அக்கா பலகையை ஒரு முறை படித்தார். "சரி சார், ஒரு வாரம் பாத்துருவோம்" என்றார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் மூன்று நாள் பன்னிரண்டரைக்கே எல்லா அறையும் தயார். நான் கோட்டைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நான்காம் நாளிலிருந்து துணி ரூமில் காய்ந்த ஷீட்டுகள் குறைய ஆரம்பித்தன. சாரல் கூடிவிட்டது, துணி காயவில்லை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. மலையில் இரவெல்லாம் மழை பெய்து மெயின் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஐந்தருவியிலும் அப்படியே. குளித்துவிட்டுக் கிளம்ப வேண்டியவர்கள், தண்ணீர் குறையுமா பார்ப்போம் என்று அறையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். புதிதாக வந்த எட்டுக் குடும்பங்கள் கீழே பெட்டியும் பிள்ளைகளுமாகக் காத்திருந்தன. ஒருவழியாகப் பதினோரு மணிக்கு ஒன்பது அறைகள் காலியாயின. விரிக்க ஷீட் இல்லை. மாடசாமி வெறும் மெத்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஷீட் இல்ல" என்றான். அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

நான் மாடிக்கு மாடி ஓடினேன். மூன்றாம் மாடியில் தீயணைப்பு மணல் வாளி வைக்கிற அலமாரி லேசாகத் திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் பையில் சுற்றி நான்கு ஷீட். காய்ந்தவை. அப்போதுதான் விளங்கியது. நட்சத்திரம் வேண்டுமென்றால் வேகம் வேண்டும், வேகத்துக்குக் காய்ந்த ஷீட் வேண்டும். ஆளாளுக்கு எடுத்துப் பதுக்கிவிட்டார்கள். அந்த லாட்ஜில் அதுவரை ஒருவர் பொருளை ஒருவர் ஒளித்ததில்லை. பலகையை மாட்டி நான்தான் பழக்கிவிட்டிருக்கிறேன்.

எல்லாரையும் வரிசையில் நிறுத்தி யார் யார் எடுத்தது என்று கேட்க வேண்டும் என்று கோபமாக வந்தது. நேராகத் துணி ரூமுக்குப் போனேன். அங்கே அக்கா எல்லாரையும் ஏற்கெனவே கூப்பிட்டு வைத்திருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எங்கன இருக்கோ அங்கன இருந்து எடுத்துட்டு வந்து இங்கன வச்சிருங்க. யாரு வச்சா, எங்கன வச்சான்னு எனக்கு வேண்டாம். நானும் சாரும் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாரோம்" என்றார் அக்கா. "வாங்க சார்."

"இந்த நேரத்துல டீயா?"

"நாம இங்கன நின்னா எடுத்துட்டு வர வெக்கப்படுவாங்க, வாங்க."

எதிர்க் கடையில் தாழ்வாரத்துக்கு உள்ளே நின்றோம். சாரல் முகத்தில் அடித்தது. டீ பாதி குடித்ததும் அக்கா பழைய கேள்வியையே கேட்டார். "இப்போ சொல்லுங்க சார். எந்த வேல பிடிக்காது?"

எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "ஒருத்தரைக் கூப்பிட்டு நீ செஞ்சது தப்புன்னு சொல்றது. வாயே வராது. அதான் பலகையை மாட்டினேன். அதுவே சொல்லிடும்னு."

"அவ்ளதானா. அது எனக்கு ஒண்ணுமே இல்ல. அந்தச் சோலிய நான் பாத்துக்கிடுதேன்."

"உங்களுக்கு?"

"முதலாளிகிட்ட பேசுதது. அவரு போனப் பாத்துக்கிட்டே பேசுதாரு, எனக்குக் கிறுகிறுன்னு வருது. அத நீங்க பாத்துக்கிடுங்க."

கான்ட்ராக்ட் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். ஆடி அமாவாசைக்குப் பிறகு பன்னிரண்டு பேருக்கும் வேலை இருக்காது என்றேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்லிருக்கணும்லா சார்" என்றார். தப்பை எப்படிச் சொல்வது என்று எனக்கு அப்போது தெரிந்தது. அவர் குரல் உயரவே இல்லை. அன்றைக்கு என் காது மடல் சூடானதை இப்போதும் உணர முடிகிறது.

திரும்பிப் போனபோது துணி ரூம் மேசையில் ஷீட்டுகள் குவிந்து கிடந்தன. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, மோட்டார் அறையிலிருந்து, கீழே விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த சோபாவுக்கு அடியிலிருந்துகூட வந்திருந்தன. அக்கா எண்ணினார். "இன்னும் நாலு வரணும்."

யாரும் அசையவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் ரூம்ல இருக்கு" என்றேன். முதலாளியின் விருந்தாளிகள் யாராவது வந்தால் ஆகும் என்று மேசைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன்.

"தெரியும் சார். நேத்தே பாத்துட்டேன். எடுத்துட்டு வாங்க" என்றார் அக்கா.

எடுத்துக்கொண்டு வந்தேன். ஜெபமணிதான் முதலில் சிரித்தாள். பிறகு செல்லத்துரை. மாடசாமியும் சிரித்தான் என்று ஜெபமணி சத்தியம் செய்கிறாள், நான் பார்க்கவில்லை. பலகையைக் கழற்றி அதன் மேல் ஈரத் துண்டுகளை உலர்த்தினார்கள். பழைய ஜோடிகள் மாடியேறின.

அன்றைக்கு அறைகள் தயாராகும்போது மணி இரண்டரை. ஒன்றரைக்கே முதலாளி வந்து, கீழே எட்டுக் குடும்பங்களையும் பார்த்துவிட்டார். என் பங்குக்கு விழுந்த வேலையை நான் செய்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார், நானும் நிறுத்தாமல் சொன்னேன். நடந்தது அவர்கள் தப்பில்லை, நான் மாட்டிய பலகையின் தப்பு என்றேன். சொன்ன கெடுவரை அக்கா வழியில் விட்டுப் பார்க்க வேண்டும் என்றேன்.

முதலாளி முதல்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "அன்னைக்கும் ஆவலன்னா?"

"நானும் அவங்களோட போயிடுறேன்."

"அப்போ பதிமூணு பேரா? சரி, பாப்போம்" என்று எழுந்துகொண்டார்.

ஆடி அமாவாசைக்கு லாட்ஜில் ஒரு அறைகூட மிச்சமில்லை. விடிவதற்கு முன்பே எல்லாரும் அருவிக்கரைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போவார்கள். யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள், வந்ததும் கிளம்புகிறார்களா, சாப்பிட்டுவிட்டா என்பதை ஜெபமணி முந்தின நாள் மாலையே பேச்சோடு பேச்சாக வாங்கி வைத்திருந்தாள். அவள் வாயைத் திறந்ததும் அடுத்த அறை எது என்று மாடசாமிக்குத் தெரிந்துவிடும். செல்லத்துரையை யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர் முந்தின இரண்டு நாளாகக் கறை எடுத்து அடுக்கிய ஷீட்டுகள் துணி ரூம் கூரையைத் தொட்டன. நான் வாசலில் நின்று சிரித்த முகமாகப் பெட்டி தூக்கினேன். பன்னிரண்டு நாற்பதுக்குக் கடைசி அறையின் சாவி கீழே வந்தது. முதலாளி வந்து கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காபி கேட்டார்.

குடித்துவிட்டுப் போகும்போது சொன்னார். "அந்தக் கான்ட்ராக்ட்காரன் ரெண்டு வாரத்துக்கு முன்ன இங்கன வந்தான்வே. உங்க சூப்பர்வைசரப் பாத்துட்டு வாரேன்னு மேல போனவன், வேற வழியா எறங்கிப் போயிட்டான். போன் போட்டா எடுக்க மாட்டேங்கான்."

மாடிக்கு ஓடிப் போய் அக்காவிடம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"டீ வாங்கிக் குடுத்தேன். உங்களுக்கு எந்த வேல பிடிக்காதுன்னு கேட்டேன். ஆளுகளோட மாரடிக்கதுதான்னாரு. அப்போ இங்கன உங்களுக்கு என்ன சோலின்னு கேட்டேன். போயிட்டாரு" என்றார், தலையணைக்கு உறை போட்டுக்கொண்டே.

அதற்குப் பிறகு மூன்று சீசன் அங்கே இருந்தேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக வேலை பார்த்த காலம் அதுதான். துபாயில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தபோதுகூட ஒருநாளும் காலையில் வேலைக்குப் போக இப்படி அவசரப்பட்டதில்லை. யாராவது தப்புச் செய்தால் அக்கா பேசுவார். முதலாளி வந்தால் நான் பேசுவேன். பிறகு தென்காசியில் இந்தக் கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் பக்கம். சரி என்றேன்.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் ஐந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் இறங்க வேண்டும். ஆனாலும் நான் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டினார். மூன்று நாள் அப்படியே போனது.

நான்காம் நாள் ஜெபமணி என் அறைக்கு வந்தாள். "சார், மேல வாங்க. ஷீட் மடிக்கணும்" என்றாள். படியேறப் பிடிக்காதவள் நான்கு மாடியும் எனக்கு முன்னால் ஏறினாள். தகரக் கொட்டகையில் அக்கா ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவரையும் யாரோ பிடித்து வந்திருக்கிறார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. மாடசாமி கயிற்றிலிருந்து ஒரு ஷீட்டை உருவி, ஒரு முனையை அவர் கையிலும் ஒரு முனையை என் கையிலும் கொடுத்தான்.

"யக்கா, அறுவது இருக்கு" என்றாள் ஜெபமணி. இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. முதல் ஷீட் என் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது அவர் பக்கம். எட்டாவதோ ஒன்பதாவதோ மடிக்கும்போது முனையைச் சேர்க்க எதிரெதிரே வந்தோம். நான்தான் கேட்டேன்.

"அக்கா, முதலாளிகிட்ட பேசுறது பிடிக்காதுன்னு சொன்னீங்க. அது மட்டும்தானா?"

"அது ரெண்டாவது."

"அப்போ முதலாவது எது?"

அவர் இன்னொரு ஷீட்டை எடுத்தார். ஒரு முனையை என்னிடம் தராமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "நல்லா ஓடிட்டிருந்த ஜோடியில ஒரு ஆளு போயிட்டா, அந்த எடத்துக்கு வேற ஆளு தேடுதது. எனக்கு அது சுத்தமாப் பிடிக்காது சார்." என்றார். சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இத்தனை வருடம் எல்லாரிடமும் கேட்டவரிடம் நாங்கள் யாரும் இதைச் சரியாகக் கேட்டதே இல்லை. ஐந்து கிலோமீட்டர்தானே என்று மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டிருந்ததற்கு வெட்கப்பட்டேன்.

"அப்போ அந்த வேலையை நான் பார்க்கிறேன்" என்றேன். அவர் முனையைத் தந்தார்.

என் இடத்துக்கு ஆள் பார்க்க முதலாளியிடம் ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் சென்னையில் படித்தவர். டீ வாங்கிக் கொடுத்து, எந்த வேலை பிடிக்காது என்று கேட்டேன். எல்லா வேலையும் பிடிக்கும் என்றார். கோட் போட்டிருந்தார். பாவமாக இருந்தது. இரண்டாவது ஆளும் அதையே இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். மூன்றாவது ஆள் செங்கோட்டைக்காரர், ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்தவர். டீ ஆறும்வரை யோசித்தார்.

"யாரையும் கூப்பிட்டு வச்சுத் திட்டத் தெரியாது சார். மத்தபடி முதலாளிமாரோட எவ்ள நேரம்னாலும் பேசுவேன்" என்றார்.

அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டு மாடியேறினேன். துணி ரூமில் இல்லை. தகரக் கொட்டகையில் அக்கா தனியாக நின்று, ஷீட்டின் ஒரு முனையைக் கயிற்றில் கட்டிவிட்டு மறுமுனையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிடைச்சாச்சு அக்கா" என்றேன்.

"என்ன பிடிக்காதாம்?"

சொன்னேன். அவர் கயிற்றிலிருந்த முடிச்சை அவிழ்த்து, முனையை என் பக்கம் நீட்டினார். அந்த லாட்ஜில் அதுவரை நான் அவருக்கு சார்தான்.

"சரி, வந்ததுதான் வந்தீங்க. அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி" என்றார்.